வானில் எத்தனை மணி நேரம்? மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழும்பிலிருந்து லண்டனுக்கு 8,700 என்று ஓரிடத்திலும் 5,400 என்று இன்னோரிடத்திலும் பார்த்தேன். 4,700 என்றும் இருக்கிறது. எது சரி? (ஹட்டன்)

மூன்றும் சரி. முதலாவது கிலோமீற்றர், அடுத்தது மைல், கடைசியில் உள்ளது விமானிகள் கணக்கிடும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் இது. விமானம் அதே கோட்டில் பறக்க வேண்டும் என்பதில்லை. போர் நடக்கும் நாட்டின் வான்பரப்பைச் சுற்றிப் போனால் சில நூறு கிலோமீற்றர் கூடிவிடும்.

லண்டனுக்குப் போக ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிறது. திரும்பி வர அதைவிடக் குறைவு. தூரம் ஒன்றுதானே? (நுவரெலியா)

காற்றுதான் காரணம். நடு அகலாங்குகளில், அதாவது பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் நடுவே உள்ள பகுதிகளில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே துணை.

மகள் வேலைக்காகக் கட்டாரின் டோஹாவுக்குப் போகிறாள். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 6.30க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் பயணம்தானா? (தலவாக்கலை)

இல்லை அம்மா, 5 மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். கட்டார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவள் இறங்கும்போது உங்கள் கடிகாரம் காலை 9 மணி காட்டும். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை அழைப்பு வரவில்லையே என்று கலங்காதீர்கள்.

15ஆம் திகதி இரவு 12.30க்கு விமானம். பதுளையிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? (பதுளை)

14ஆம் திகதி காலையிலேயே! இதை அழுத்திச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டியதும் திகதி மாறிவிடுகிறது. 15ஆம் திகதி மாலை பெட்டியோடு வந்து நிற்பவருக்கு விமானம் போய் ஒரு பகல் கழிந்திருக்கும். 14ஆம் திகதி இரவு 9.30க்கு நீங்கள் கட்டுநாயக்கவில் இருக்க வேண்டும். பெட்டி கொடுக்கும் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பின் கெஞ்சிப் பயனில்லை.

பதுளை, கொழும்பு ரயில் பாதை 292 கிலோமீற்றர்தான். ஆனால் அதைக் கடக்க ஏறத்தாழ 10 மணி நேரம், கிட்டத்தட்ட லண்டனுக்குப் பறக்கும் நேரம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கிய பிறகும் விமான நிலையத்துக்கு 30 கிலோமீற்றர் இருக்கிறது. வான் வண்டி பிடித்து வீதியால் போனால் விரைவு என்றாலும் பெரகலை, ஹல்துமுல்லைப் பக்கம் பனிமூட்டமோ மண்சரிவோ வந்தால் கணக்கெல்லாம் தப்பும். மழைக்காலத்தில் அதற்கு முதல் நாளே, 13ஆம் திகதியே, மலையிலிருந்து இறங்கி, நீர்கொழும்புப் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். அறை வாடகை, தவறிய டிக்கெட்டை விட நிச்சயம் மலிவு.

டொரொன்டோவுக்கு நேரடி விமானம் உண்டா? (பண்டாரவளை)

இல்லை. தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். வளைகுடா, ஐரோப்பா என்று வழியில் எங்காவது மாற வேண்டும். இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், வேறொன்றில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது விமான நிறுவனத்துடையது.