எவர்சில்வர் டம்ளர்களே போதும்

அன்புள்ள ஐயா,

டாலஸில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி டிராயிங் எடுத்திருக்கிறாள். தேர்வுக்குப் பதிலாக மே மாதம் போர்ட்ஃபோலியோவை, அதாவது படைப்புகளின் தொகுப்பை, அனுப்ப வேண்டும். நடிகர்களின் பென்சில் உருவப்படங்கள், ஒரு தஞ்சாவூர் ஓவியம், நீர்வண்ண நிலக்காட்சிகள் என்று நன்றாகவே வரைந்து வைத்திருக்கிறாள். அவற்றில் சிறந்த 15ஐ அனுப்பலாம் என்பது என் எண்ணம். எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும் என்கிறார் நண்பர். அவர் மகன் 2017இல் இதே பாடத்தில் அதிகபட்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவன். இவளோ சில மாதங்களாகச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு எவர்சில்வர் பாத்திரங்களையே கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வது அவர் மகன் காலத்துக்குச் சரி. அப்போது போர்ட்ஃபோலியோவில் மூன்று பகுதிகள் இருந்தன. பலவகைத் திறமையைக் காட்டுவதற்கென்றே 12 படங்கள் கேட்டார்கள். 2019-20 கல்வியாண்டில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே பகுதிகள். தேர்ந்தெடுத்த 5 படைப்புகளுக்கு 40 சதவீதம். மீதி 60, ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு தொடர்ந்து செய்த வேலைக்கு. நீங்கள் சொல்லும் 15 படங்கள் இந்த இரண்டாவதற்குத்தான். அங்கே ஒரு நடிகர், ஒரு கிருஷ்ணர், ஒரு சூரிய அஸ்தமனம் என்று அடுக்கினால் திருத்துபவர் என்னத்தைப் பின்தொடர்வார்?

நீங்கள் கிறுக்கல் என்று அனுப்பிய பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். டம்ளரின் வெளிப்பக்கத்தில் அவள் முகம் பக்கவாட்டில் நசுங்கி ஒல்லியாக நிற்கிறது. கரண்டியின் குழிவில் அதே முகம் தலைகீழ். அடுத்த பக்கத்தில் தாளை முழுக்கக் கரியால் கறுப்பாக்கி, அழிரப்பரால் இழுத்தே வெளிச்சக் கோடுகளை எடுத்திருக்கிறாள். அதற்கடுத்ததில் அந்த உத்தி சொதப்பி, ஓரத்தில் ‘மிகவும் சாம்பல்’ என்று எழுதியிருக்கிறாள். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் ஆகிய மூன்றுக்கும் இந்தப் பகுதியில் மதிப்பெண் உண்டு. மூன்றும் அந்த நாலு பக்கத்திலேயே இருக்கின்றன. 15 என்பது 15 முடிந்த படங்கள் என்றில்லை. முன்வரைவுகளையும் ஒரு படத்தின் நெருக்கக் காட்சியையும் வைக்கலாம். சாம்பலாகிப்போன பக்கத்தைத் தயவுசெய்து ஒளித்துவைக்காதீர்கள்.

ஒரே விஷயத்தையே வரைந்தால் சலிக்காதா என்று நினைப்பீர்கள். சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களை மட்டும் ஏறக்குறைய 25 படங்களாக வரைந்தார். பொருள் மாறவில்லை, கேள்வி வளர்ந்தது. உங்கள் மகளின் கேள்வியும் டம்ளரோடு நிற்க வேண்டியதில்லை. வளைந்த பரப்பில் வீட்டு மனிதர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்று போனால் அதில் நீங்களும் வந்துவிடுவீர்கள்.

நடிகர் படங்களை விட்டுவிடுங்கள். வேறொருவர் எடுத்த புகைப்படத்தை அச்சு அசலாக வரைவதில் கைத்திறன் இருக்கலாம். ஆனால் கோணமும் ஒளியும் அந்தப் புகைப்படக்காரருடையவை. விதிமுறையும் இதை ஏற்பதில்லை. தஞ்சாவூர் ஓவியம் அச்சுப்படிவத்தில் தடம் எடுத்ததென்றால் அதுவும் அதே கதைதான். நம்ம பண்பாடு என்று காட்டினால் கூடுதலாக ஏதும் விழாது. நிலக்காட்சிகளில் நேரில் பார்த்து வரைந்தவை இருந்தால் 5இல் ஒன்றிரண்டைச் சேர்க்கலாம். 15இல் உள்ளதையே 5இலும் வைக்க அனுமதி உண்டு.

இன்னொன்று, எழுத்து. கேள்வி என்ன என்பதற்கு 600 எழுத்துகள், வேலை எப்படி வளர்ந்தது என்பதற்கு 600, இடைவெளிகளையும் சேர்த்து. இதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘மிகவும் சாம்பல்’ என்று எழுதத் தெரிந்தவளுக்கு மீதியும் வரும்.

கரிப் படங்களை ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவைத் தாளுக்கு நேராக வைத்து எடுங்கள். கரி உதிராமல் ஃபிக்ஸடிவ் அடிப்பது நல்லது. ஆனால் கறுப்பு இன்னும் கொஞ்சம் இருண்டுவிடக்கூடும் என்பதால் படம் எடுத்த பிறகு அடியுங்கள். ஓவியக் கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கும் போர்ட்ஃபோலியோ வேறு, அதன் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எந்தக் கல்லூரி என்று முடிவானதும் எழுதுங்கள்.