தனுஷ்கோடியில் சுற்றுலாவும் பூநாரையும் ஒத்துப்போகுமா?

பூநாரைக்காக (ஃபிளமிங்கோ பறவை) சுற்றுலாவையே நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம்.

2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை வந்ததும் கூட்டம் பெருகியது. 2025இல் தமிழக அரசு இங்கே பூநாரை சரணாலயம் அறிவித்தது. இந்தப் பறவை ஆழமில்லாத தண்ணீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றை அலசி இரையை வடிகட்டும். செல்ஃபிக்காக ஒருவர் இறங்கி நடந்தாலே மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். தின்ன வேண்டிய நேரம் பறப்பதிலேயே போய்விடும். ட்ரோன் இன்னும் மோசம். சாலையோரம் நின்று பைனாகுலரில் பாருங்கள், அது பாட்டுக்கு மேயும்.

அப்புறம் இந்தக் கரை மணலில் முட்டையிடும் கடலாமை. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் கூடிய பக்கமே நகரும். ஹெட்லைட் எரிந்தால் கடலை விட்டுச் சாலைக்கு வந்துவிடும். ஆகவே இரவில் மணலில் வண்டி கூடாது. கடை, பார்க்கிங் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.