எதை விடுகிறாய்?

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்பில் எங்களுக்குப் பொருளியல் எடுத்த டீச்சர் போன மாதம் காலமானார். அன்று எனக்கு வார்டில் பணி, போக முடியவில்லை. நான் செவிலியர். தேவைக் கோடு, அளிப்புக் கோடு எல்லாம் மறந்துவிட்டன. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் “இதுக்காக எதை விடறே?” என்று அவர் குரல் கேட்கிறது. பாடத்தையே மறந்த நான் அவர் மாணவி என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் மறந்தது படங்களை. பாடம் உங்களிடம்தான் இருக்கிறது. ‘வாய்ப்புச் செலவு’ என்று பாடநூல் சொல்வது அந்தக் கேள்வியைத்தான். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பு. ஒரு கட்டிலருகே கூடுதலாக நிற்கும் பத்து நிமிடம் இன்னொரு கட்டிலிலிருந்து எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியாததா? (எனக்கு வாய்த்த ஆசிரியர் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்தவர். நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு வரிகூட மிச்சமில்லை.)

கேம்பிரிட்ஜில் பொருளியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் மார்ஷலை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளியல் விதிகளோடு ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்று நாம் உருப்போட்டோமே, அதை அவர் ஒரு மாட்டுப்பட்டியாகப் பார்த்தார். தொந்தரவு தரும் காரணங்களைத் திரியும் மாடுகளைப் போலத் தற்காலிகமாக அதில் அடைத்துவைத்து, ஒன்றை மட்டும் கவனிப்பது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்துவிடும் நிபுணர்களை நாம் தினமும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம்.

பின்னாளில் பெரும் பொருளியலாளரான கெய்ன்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். 1905-இல் மார்ஷலிடம் பொருளியல் பயின்றது ஒரு பருவம்தான். இந்தத் துறைக்கே வந்துவிடு என்று மார்ஷல் வற்புறுத்தினார். 1924-இல் ஆசிரியர் இறந்தபோது கெய்ன்ஸ் நீண்ட அஞ்சலிக் கட்டுரை எழுதினார். 1936-இல் வந்த தன் முக்கிய நூலிலோ, தான் எதிர்க்கும் பழைய மரபின் பட்டியலில் அதே மார்ஷலையும் சேர்த்தார். அந்த எதிர்ப்புக்கு அவர் பயன்படுத்திய கருவிகள் பலவும் மார்ஷலிடம் கற்றவை. இதை நன்றிகெட்டதனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடைகளைக் காப்பாற்றுகிறவரைவிட, அதே கேள்விமுறையால் ஆசிரியரையே சோதிக்கிறவர்தான் அவரிடம் நிறையப் பெற்றவர்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இறுதி நாளில் போகவில்லை என்ற குற்றவுணர்வு. அன்று வார்டில் இருந்தீர்கள். எதற்காக எதை விட்டீர்கள் என்று அவர் கேட்டிருந்தால், உங்களிடம் பதில் இருந்திருக்கும்.