நிரல் டெஸ்டுக்குள் கடிகாரம்: சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில்

ஈசூன்வாசி: அண்ணே, சந்தா காலாவதியைப் பார்க்கும் டெஸ்ட் பகலில் பாஸ் ஆகிறது. காலை 8 மணிக்கு முன்னால் ஓடினால் மட்டும் தோற்கிறது. மொழி ஜாவா.

பதில்: 8 மணி என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பில்ட் சர்வர் (டெஸ்டுகளை ஓட்டும் கணினி) யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்கு நள்ளிரவு முதல் காலை 8 வரை அதற்கு இன்னும் நேற்றுதான். டெஸ்ட் தரவு சிங்கப்பூர்த் தேதியில் இருக்க, நிரலில் இன்றைய தேதி கேட்கும் லோக்கல்டேட்.நவ் சர்வர் தேதியை எடுக்கிறது.

சர்வரின் டைம்சோனை மாற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். அது நோயை மூடி வைக்கும், அவ்வளவுதான். கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும் இடத்தில்) ஒரு க்ளாக், அதாவது நேரம் சொல்லும் ஆப்ஜெக்ட், வாங்குங்கள். நேரம் கேட்கும் இடமெல்லாம் அதையே கேட்கட்டும். நிஜ ஓட்டத்தில் ஆசியா/சிங்கப்பூர் க்ளாக், டெஸ்டில் ஒரே கணத்தில் நிற்கும் க்ளாக்.ஃபிக்ஸ்ட். சோதிக்க வேண்டிய கணங்கள் இரண்டு: யூடிசி 15:59:59, 16:00:00. அங்கேதான் நம் தேதி புரளும்.

இன்னொன்று. ஒரு கோரிக்கைக்கு ஒரு முறைதான் நேரம் வாசிக்க வேண்டும். ஒரே ஃபங்ஷனில் இரண்டு முறை நவ் கேட்டால், நடுவில் நள்ளிரவு விழும் நாளில் ரசீதில் ஒரு தேதியும் கணக்கில் வேறு தேதியும் நிற்கும்.

தோபாயோ தம்பி: ரீட்ரை (தோற்றால் மறுபடி முயல்வது) வேலை செய்கிறதா என்று பார்க்க டெஸ்டில் 2 விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருப்பு) போட்டிருக்கிறேன். சில சமயம் தோற்கிறது. 3 ஆக்கட்டுமா?

பதில்: வேண்டாம். 10 ஆக்கினாலும் சர்வர் திணறும் ஒரு நாளில் தோற்கும். டெஸ்டில் ஸ்லீப் கூடாது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8 என்றால் நேரம் தரும் டைம்புரொவைடரை வாங்கிக்கொண்டு, டெஸ்டில் நேரத்தை நாமே தள்ளக்கூடிய ஃபேக்டைம்புரொவைடரைக் கொடுங்கள். முயற்சிகளுக்கு நடுவிலுள்ள 1, 2, 4 விநாடி இடைவெளிகளை அட்வான்ஸ் செய்து (நேரத்தை முன்னால் தள்ளி) தாண்டினால் 7 விநாடிக் காத்திருப்பு கணத்தில் முடியும். ஒரு கண்ணி உண்டு: நிரல் டிலேயை (காத்திருக்கும் வரியை) எட்டும் முன்பே அட்வான்ஸ் செய்தால், டைமர் நீங்கள் தள்ளிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், டெஸ்ட் தொங்கிவிடும். டைமர் பதிவானதை உறுதிசெய்த பிறகே தள்ளுங்கள்.

செங்காங்: குபர்நெட்டிஸ் கிரான்ஜாப் (சர்வரில் நேரம் குறித்து ஓட்டும் வேலை) இரண்டு தடவை ஓடுகிறதே?

பதில்: அது வேறு கடை. டெவாப்ஸ் ஆட்களைக் கேளுங்கள்.

ஜூரோங் பைத்தான்: எதற்கு இவ்வளவு? பைத்தானின் ஃப்ரீஸ்கன் நூலகம் ஒரு வரியில் நேரத்தை உறைய வைக்கிறதே. கடிகாரத்தைக் கையிலேந்தித் திரிவது ஜாவாக்காரர் வியாதி.

பதில்: ஃப்ரீஸ்கன் உறைய வைப்பது உங்கள் பைத்தான் புரொசஸை மட்டும். டேட்டாபேஸ் உறையாது. அதன் அட்டவணைப் பத்தி ஒன்றின் டிஃபால்ட் மதிப்பு நவ் என்றிருந்தால் அது நிஜ நேரத்தைத்தான் எழுதும். நீங்கள் கிளப்பும் சப்புரொசஸும் (தனியாக ஓடும் துணை நிரலும்) அப்படியே.

ஜூரோங் பைத்தான்: சரி, 200 ஃபைல் பழைய நிரலில் யார் கடிகாரத்தை நுழைப்பது?

பதில்: அங்கே ஃப்ரீஸ்கன் போடுங்கள், தப்பில்லை. புதிதாக எழுதுவதில் வேண்டாம்.

பொங்கோல் அக்கா: கடிகாரமே வேண்டாமே. நேரத்தை ஒரு மதிப்பாக அனுப்பினால் போதாதா?

பதில்: அக்கா சொல்வதுதான் சரி, நானும் அதையே முதலில் செய்யச் சொல்வேன். அபராதம், தள்ளுபடி, வயது போன்ற கணக்குகளுக்கு மதிப்பே போதும். காத்திருக்கும், டைம்அவுட் ஆகும் நிரலுக்குத்தான் கடிகாரம் வேண்டும்.

ஜூரோங் பைத்தான்: அப்படியென்றால் பாதி நான் ஜெயித்தேன்.

பதில்: வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பாத்தோக்: கழிந்த நேரம் சில சமயம் மைனஸில் வருகிறது.

பதில்: சுவர்க்கடிகாரத்தில், அதாவது தேதியும் நேரமும் காட்டும் கணினிக் கடிகாரத்தில், அளக்கிறீர்கள். கணினி நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதைப் பின்னால் தள்ளும். பின்னால் போகாத மோனோடோனிக் கடிகாரத்தில் அளங்கள். சிங்கப்பூரில் 2017 ஜனவரி 1 காலை 7:59:60 என்று ஒரு லீப் விநாடி (உலக நேரத்தில் கூடுதலாகச் சேர்த்த விநாடி) வந்தபோது, கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும்) நிரல் இப்படி ஒரு மைனஸால்தான் விழுந்தது. கோ மொழியின் டைம்.நவ், 1.9 முதல் மோனோடோனிக் அளவையும் சேர்த்தே தருகிறது.

பிடோக்: நமக்குக் கோடைநேர மாற்றமே இல்லை. ஆசியா/சிங்கப்பூர் என்பதற்குப் பதில் +8 என்று எழுதிவிடலாம் அல்லவா?

பதில்: 1981 டிசம்பர் 31 வரை நாம் +7:30. அன்றிரவு 11:30-க்கு முள் நேரே 12-க்குப் போனது. 1975-இல் பிறந்தவரின் நாளை நள்ளிரவு +8 என்று சேமித்து, ஆசியா/சிங்கப்பூர் என்று வாசித்தால் முந்தைய நாள் 23:30 வரும். பிறந்தநாள் வெறும் தேதி. நேரமாகச் சேமிக்காதீர்கள்.

ஆங் மோ கியோ: ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்டில் 5 விநாடி காத்திருக்க என்ன வழி?

பதில்: ஃபேக் டைமர்கள். தோபாயோ தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஸ்லீப் போடாதீர்கள்.