சொன்னது ஒன்று, வந்தது ஒன்று

வாகனப் பக்கம்: சிங்காநல்லூரில் 31 வருடம் கார் பாடி, சீட் பட்டறை நடத்தியவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அண்ணா, வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். 14 மாதங்களுக்கு முன் ஜெர்மனியில் தயாராகும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு, நிறம் முதல் நூல் வரை நானே தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தேன். ஷோரூம் விலை 2 கோடியே 10 லட்சம். முன்பணம் 25 லட்சம், மீதிக்கு வங்கிக் கடன். கார் கம்பெனி பெயரில். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். வெளியே நான் கேட்ட கரும்பச்சை. உள்ளே, சீட்டுக்கு வெண்ணெய் நிற நூல் கேட்டிருந்தேன். சிவப்பு நூலில் தைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட் வசதியும் இல்லை. எங்கள் தோட்டம் காங்கேயம் பக்கம், போகும் வழியில் 11 வேகத்தடைகள் இருக்கின்றன. டீலரோ, “தொழிற்சாலையில் நடந்த பிழை, எங்கள் கையில் எதுவும் இல்லை. லிஃப்டுக்கு உண்டான தொகையைக் கழித்துக்கொள்கிறோம், நூலைக் கோவையிலேயே மாற்றித் தருகிறோம், வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அம்மா சிவன்மலையில் பூஜைக்குச் சொல்லிவைத்துவிட்டார். எடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சிவன்மலை ஆண்டவர் அடுத்த முகூர்த்தத்துக்கும் அங்கேயேதான் இருப்பார். பதிவு எண் விழுந்துவிட்டால் உங்கள் பேச்சுக்கு இன்று இருக்கும் பலம் நாளை இருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. உங்கள் காருக்கு அது 42 லட்சம். அதைக் கட்டி உங்கள் கம்பெனி பெயரில் ஆர்.சி. புத்தகம் வந்த நிமிடமே, நீங்கள் ஒரு கிலோமீட்டர் ஓட்டாவிட்டாலும், அது பழைய கார். அதற்குப் பிறகு டீலர் அதை வேறொருவருக்குப் புதுக் காராக விற்க முடியாது. ஆகவே திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார். இன்றைக்கு அந்தக் கார் அவருடைய கிடங்கில், அவருடைய பணத்தில் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் வட்டி அவருக்கு ஏறுகிறது. முகூர்த்தத்தை அவர் நினைவூட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு பிழைகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதலில் லிஃப்ட். இந்த வகைக் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 110, 120 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். முன் மூக்கு அதைவிட நீண்டு வந்து சரிவில் முதலில் இடிக்கும். லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் அப்படி எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு முன்னால், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், ஊர்க்காரர்களே ஒரே இரவில் தார் கொட்டி, வீட்டுத் திண்ணைபோல் எழுப்பிய மேடுகள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் நடக்கும் சாலை. ஆனால் அந்த 11 மேடுகளைத் தாண்டிப் போக நீங்கள் கேட்ட வசதி அது. ஆடம்பரத்துக்குக் கேட்டதல்ல.

அதைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முன் சஸ்பென்ஷன் கால்கள் வேறு, எண்ணெய் அழுத்தும் பம்பு, குழாய்கள், வால்வுகள், கட்டுப்பாட்டுப் பெட்டி, தனி ஒயரிங், அதற்கேற்ற மென்பொருள் என்று காரின் முன்பாதியையே பிரித்து மாட்டும் வேலை. பெரும்பாலான தொழிற்சாலைகள் இதற்கு ஒப்புதல் தருவதில்லை. வெளியில் கிடைக்கும் மாற்றுக் கருவியைப் போட்டால் சஸ்பென்ஷனுக்கான வாரண்டியைக் கேட்டுப் போராட வேண்டிவரும்.

இனி நூல். இதைக் கோவையில் மாற்றித் தருகிறோம் என்ற வார்த்தைதான் என்னைப் பதறவைத்தது. 2009இல் ஈரோட்டு டாக்டர் ஒருவர் இதே கதையோடு என் பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டுக் கார், கேட்ட நிறத்தில் சீட் இல்லை, “பிறகு மாற்றித் தருகிறோம்” என்ற வாய்ப்பேச்சை நம்பி முகூர்த்தத்தில் எடுத்துவிட்டார். எட்டு மாதம் அலைந்த பிறகு, நீங்களே தைத்துக் கொடுங்கள் என்றார். ஓட்டுநர் சீட்டின் முதுகுப் பக்கத்தை விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். கதவுப் பக்க ஓரத்தில், மற்ற இடங்களைவிட மெல்லிய நூலில், வேறு இடைவெளியில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் ஓடியது. அதன் அருகே ஏர்பேக் என்று பொறித்த துணுக்குத் துணி. விபத்தில் பக்கவாட்டு ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். எந்த நூல், எத்தனை தையல், எவ்வளவு இழுப்பில் அறும் என்று கணக்குப் போட்டுத் தைத்த இடம். என்னிடம் இருந்த தடித்த நூலால் அதை அழகாகத் தைத்திருந்தால் ஏர்பேக் வெளியே வராமல் உள்ளேயே முட்டி நின்றிருக்கும். நான் தொடவில்லை. டாக்டர் அந்த சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டி, நான்கு வருடம் கழித்து விற்றார். ஆகவே நூலை மாற்றுவதென்றால், தொழிற்சாலையிலேயே தைத்த முழு சீட் உறை, அதற்குரிய பாக எண்ணோடு வர வேண்டும். வேறு வழியில் சம்மதிக்காதீர்கள்.

அடுத்து, காகிதங்கள். மூன்று வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட ஆர்டர் தாள். இனி மாற்ற முடியாது என்று ஆர்டர் முடக்கப்பட்ட தேதிக்குப் பிறகு டீலர் அனுப்பிய இறுதி உறுதிச் சீட்டு. இப்போது வந்திருக்கும் காரின் 17 எழுத்து சேசிஸ் எண்ணுக்குத் தொழிற்சாலை தரும் வசதிப் பட்டியல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வசதியின் பெயரைப் பார்க்காமல் அதற்குரிய குறியீட்டு எண்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் தாளில் லிஃப்ட் குறியீடு இருந்து இரண்டாவதில் இல்லை என்றால், டீலர் அலுவலகத்தில் பதிவு செய்தவர் விட்டிருக்கிறார். இரண்டிலும் இருந்து மூன்றாவதில் மட்டும் இல்லை என்றால், தொழிற்சாலை நீக்கியிருக்கிறது. 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பல தொழிற்சாலைகள் சில வசதிகளை நீக்கிவிட்டுத்தான் கார்களை அனுப்பின. அப்படி நீக்கினால் வாங்குபவருக்கு முன்கூட்டிச் சொல்வது முறை. பட்டியலில் இருந்தும் காரில் இல்லை என்றால், அது கட்டும் இடத்திலேயே நடந்த தவறு.

எங்கே நடந்தாலும் சரி, “எங்கள் கையில் இல்லை” என்ற பதில் உங்களிடம் செல்லாது. பணம் வாங்கியவர் அவர், ரசீது கொடுத்தவர் அவர். தொழிற்சாலையோடு உள்ள கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. 41ஆம் பிரிவு, வாங்குமுன் பரிசோதித்துப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. 42ஆம் பிரிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் “விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்” என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுவார்கள். மாடலில் தொழிற்சாலை பொதுவாகச் செய்யும் மாற்றத்துக்கான வரி அது. தனியாக விலை போட்டு விற்ற வசதியை விட்டுவிட அது இடம் கொடுக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நாளைக்கே மீண்டும் போங்கள், பகல் வெளிச்சத்தில். காரை டியூப்லைட்டுக்குக் கீழிருந்து வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பிழை கண்ணில் பட்ட காரில் மூன்றாவதும் இருக்கலாம். சீட் பெல்ட் நிறம், சக்கரத்தின் பூச்சு, ஸ்டீயரிங் தையல், சாவி உறை வரை பட்டியலோடு பாருங்கள். படம் எடுங்கள். டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாளை நீட்டினால் வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். குறைகளைக் கைப்பட எழுதி, “இவற்றை நான் ஏற்கவில்லை” என்று எழுதிப் போடுங்கள். அன்று மாலைக்குள் அதையே மின்னஞ்சலில் டீலருக்கும், தயாரிப்பாளரின் இந்திய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மூன்றாவது பிரதி உங்கள் வங்கி மேலாளருக்கு. பிரச்சினை தீர்ந்ததென்று நீங்கள் எழுத்தில் சொல்லும்வரை கடன் தொகையை விடுவிக்க வேண்டாம் என்று கேளுங்கள். பலர் மறந்துவிடும் இடம் இது. வங்கி மீதிப் பணத்தை டீலர் கணக்கில் போட்டுவிட்டால் அவருக்கு அவசரம் போய்விடும்.

என்ன கேட்பது? இதில் நான் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. லேப் டிப்பில், அதாவது முதலில் சாயமேற்றிக் காட்டும் மாதிரித் துணியில், ஒப்புக்கொண்ட ஷேடு சரக்கில் அரைப் படி மாறினால் உங்கள் வெளிநாட்டு பையர் என்ன செய்வார்? சரக்கை நிராகரிப்பார், அல்லது உங்கள் செலவில் விமானத்தில் மறு சரக்கு கேட்பார், அல்லது தொகையைக் கழித்து டெபிட் நோட் அனுப்புவார். நூல் நிறம்தானே என்று நீங்கள் சொன்னால் கேட்பாரா? அதே மூன்று வழிகளும் உங்களுக்கும் உண்டு. முன்பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். அதே விலையில், முன்னுரிமையோடு அடுத்த தயாரிப்பு இடம், அதாவது உங்களுக்காகப் புதிதாகக் கட்டும் காருக்குத் தயாரிப்பு வரிசையில் ஓர் இடம், கேட்கலாம். அல்லது விலைக்குறைப்போடு இதையே எடுக்கலாம். மூன்றாவதற்கு இறங்கினால், லிஃப்டின் தொழிற்சாலை விலையை மட்டும் கழித்தால் போதாது. அதன்மேல் ஏறிய சுங்க வரி, 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆகியவையும் கழிய வேண்டும். நாளைக்கு விற்கும்போது லிஃப்ட் இல்லாததால் குறையும் விலையும் சேர வேண்டும். சீட் உறைக்குத் தனியாக ஒரு கடிதம்: பாக எண், வரும் தேதி, வரியை யார் கட்டுவது, வேலை நடக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி, வாரண்டி.

கம்பெனி பெயரில் வாங்கியதால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று பயமுறுத்தினால் அஞ்ச வேண்டாம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய சொகுசுக் காரை வணிக நோக்கம் என்று தள்ளிவிட முடியாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எந்த நுகர்வோர் ஆணையம் என்பது நீங்கள் செலுத்திய தொகையைப் பொறுத்தது: 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். 25 லட்சம் மட்டும் கொடுத்த நிலையில் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். முழுத் தொகையும் கட்டிவிட்டால் டெல்லி வரை போக வேண்டும். காலக்கெடு 2 வருடம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல டீலர்கள் அந்தப் புகார் எண்ணைப் பார்த்த பிறகுதான் மேலதிகாரியை வரவழைக்கிறார்கள்.

நூல் மட்டும் மாறியிருந்தால், எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். லிஃப்ட் இல்லாததால் சொல்ல மாட்டேன். 14 மாதம் காத்திருந்தவருக்கு இன்னும் காத்திருப்பது எவ்வளவு கசக்கும் என்று தெரியும், தம்பி. ஆனால் தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த 11 இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவீர்கள். அடுத்த தயாரிப்பு இடத்தையே கேளுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் இதேபோல் ஒரு காருக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறார். பிழை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மணி, உங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். முதலாளி வாரம் ஒரு தடவை வந்து நின்று, இந்த ஜன்னலை மாற்று, அந்த சீட்டைத் தள்ளிப்போடு என்பார், அன்றே மாறும். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் ஆர்டர் முடக்கப்படும் தேதி என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு ஒரு நூலைக்கூட மாற்ற முடியாது. அந்தத் தேதியை எழுத்தில் வாங்கி, வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதற்கு மூன்று நாள் முன்பு தொழிற்சாலைக்குப் போகும் இறுதித் தாளை வரவழைத்து, நீங்கள் குறியீட்டை வாசிக்க, டீலர் தன் பிரதியில் பார்த்துச் சரி சொல்லட்டும். இருவர் சேர்ந்து செய்தால் கண் தவறாது. நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; பூச்சடித்த மாதிரித் தகட்டையும் தோல் துண்டையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். தொலைபேசியில் சொன்ன மாற்றம் எதுவும் மாற்றமே இல்லை. திருத்திய தாள் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: புதுக் காரின் பம்பரும் கதவும் லேசாக வேறு நிறமாகத் தெரிகின்றன. தொழிற்சாலைப் பிழையா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: பம்பர் பிளாஸ்டிக், கதவு உலோகம். மினுமினுப்புப் பூச்சில் துகள்கள் படியும் விதம் இரண்டிலும் சற்று மாறும். சாய்த்துப் பார்த்தால் தெரியும். அது பிழையாகாது. ஆனால் பக்கத்துக் கதவுகள் இரண்டுக்குமிடையே வித்தியாசம் தெரிந்தால், பூச்சின் கனம் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300, 400 என்று காட்டினால், கப்பலிலோ கிடங்கிலோ அடிபட்டு மறுபடி பூசியிருக்கிறார்கள். அளவுகளைக் கதவு வாரியாக எழுதி, கருவி காட்டும் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு டீலரிடம் போங்கள்.