ஃப்ரேசியர் அலியை வென்றார், ஃப்ரேசியரை ஃபோர்மன் நொறுக்கினார்; அப்படியானால் ஃபோர்மனை அலி எப்படி வீழ்த்தினார்?

கேள்வியில் உள்ள கணக்கு சரியானதுதான். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த குத்துச்சண்டையில் ஜோ ஃப்ரேசியர் 15 சுற்றுகள் ஆடி முகமது அலியைப் புள்ளிகளில் வென்றார். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதே ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் சாய்த்தார். ஆனால் 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலியோடு மோதி எட்டாம் சுற்றில் நாக்-அவுட் ஆனவர் ஃபோர்மன். இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஒருவருடைய பழக்கம் எதிரில் நிற்பவருக்கு எந்த வாசலைத் திறந்துவிடுகிறது, அந்த வாசலில் நுழைவதற்கு அவர் எப்படிப் பயிற்சி எடுத்திருக்கிறார் என்பவற்றைப் பார்த்தால்தான் இந்த மூன்று முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஃப்ரேசியர் ஆறடிக்குச் சற்றுக் குறைவானவர். உடலைக் குனிந்து, தலையை இடைவிடாமல் அசைத்தபடி நெருங்கி வந்து, இடக்கை ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) அடிப்பது அவருடைய பாணி. அவரது அணியில் இருந்த எட்டி ஃபட்ச், அலி வலக்கையால் அப்பர்கட் (கீழிருந்து மேல்நோக்கி வீசும் குத்து) வீசும்போது முகத்தின் வலப்பக்கம் காவலின்றித் திறந்துவிடுவதைக் கவனித்திருந்தார். ஆகவே ஃப்ரேசியர் தாழக் குனிந்து அலியை அப்பர்கட் வீசத் தூண்டுவதும், அந்த நொடியில் இடக்கை ஹூக்கைச் செலுத்துவதும் திட்டமாயின. பதினைந்தாம் சுற்றில் அலியைக் கீழே வீழ்த்தியதும் இடக்கை ஹூக்தான். மூன்றரை ஆண்டுகள் களத்திற்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பிய அலியின் கால்களில் பழைய வேகம் இல்லாததும் ஃப்ரேசியருக்கு உதவியது.

ஃபோர்மனிடம் இதே பாணி ஃப்ரேசியருக்கு வினையாக முடிந்தது. குனிந்தபடி நேராக நெருங்கி வருபவரை இரு கைகளாலும் தோளில் தள்ளித் தமக்கு வேண்டிய தூரத்தில் நிறுத்திக்கொண்டு, தாழ்ந்திருக்கும் தலைக்குக் கீழிருந்து அப்பர்கட் வீசினார் ஃபோர்மன். அலியின் தாடையை 1973இல் உடைத்துப் புள்ளிகளில் வென்ற கென் நார்ட்டனும் அடுத்த ஆண்டு கராகஸில் ஃபோர்மனிடம் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. முன்னேறி வந்து ஆடும்போது சிறந்து விளங்கிய நார்ட்டனுக்குப் பின்வாங்கியபடி ஆடத் தெரியாது.

அலி இந்த இருவரைப் போன்றவர் அல்லர். ஃபோர்மனுக்கு ஈடான உயரமும் நீண்ட கையும் கொண்டவர். அடி வரும்போது குனியாமல் பின்னோக்கிச் சாய்பவர். எனவே ஃபோர்மனின் கீழிருந்து எழும் அடிகளுக்கு அங்கே தலை கிடைக்கவில்லை. கின்ஷாசாவில் அலி களத்தைச் சுற்றியுள்ள கயிற்றில் சாய்ந்து கிடந்து எதிராளியைக் களைக்க வைத்தார் என்று மட்டும் பலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதைவிட முதல் சுற்றுதான் முக்கியமாகப் படுகிறது. இடக்கை ஜாப்பால் (நேராக நீட்டி வீசும் விரைவான குத்து) வழி செய்யாமல், நீண்ட தூரம் பயணிக்க வேண்டிய வலக்கையையே முதல் அடியாக அலி திரும்பத் திரும்ப வீசினார். தேர்ந்த எதிராளியிடம் அப்படி வீசுவது ஆபத்து என்பதால் பயிற்சிச் சண்டைகளிலும் அதை யாரும் அவ்வளவாக வீசுவதில்லை. ஃபோர்மன் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் களத்தின் மூலைகளை அடைத்து எதிராளியைச் சிக்க வைப்பதில் ஃபோர்மன் நன்கு பழகியிருந்ததால், அவர் ஓரடி வைத்தால் அலி ஈரடி வைக்க வேண்டியிருந்தது. இப்படி ஓடினால் தாமே முதலில் களைத்துவிடுவோம் என்று உணர்ந்த அலி, இரண்டாம் சுற்றிலிருந்து கயிற்றுப் பக்கம் சென்றார்.

அங்கே அவர் சும்மா நிற்கவில்லை. அடிகளைக் கையிலும் முழங்கையிலும் வாங்கிக்கொண்டு, ஃபோர்மனின் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் முகத்தை நோக்கி நேரான அடிகளைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்தபோது நடுவர்களின் புள்ளிகளிலும் அவரே முன்னால் இருந்தார். பென்சில்வேனியாவின் டீர் லேக் முகாமில் பயிற்சித் துணைவர்களைத் தம் உடலில் அடிக்கவிட்டுப் பழகியிருந்ததால், அந்த நிலையில் நிற்கும் துணிவு அவருக்கு இருந்தது. ஃபோர்மனின் நிலை நேர்மாறானது. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களையும் சேர்த்து அவர் ஐந்து சுற்றுகளுக்குள் முடித்திருந்தார். ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் கண்ணருகே காயம் பட்டுப் பயிற்சிச் சண்டையும் தடைப்பட்டிருந்தது. ஐந்தாம் சுற்றுக்குப் பின் மூச்சைப் பங்கிட்டு ஆடுவது எப்படி என்பதை அவருடைய வெற்றிகளே அவருக்குக் கற்றுத்தரவில்லை.

பயிற்சியின் பங்கு இதில் எவ்வளவு என்பதற்கு ஃபோர்மனின் பிற்காலமே எனக்குச் சிறந்த சான்றாகத் தோன்றுகிறது. பத்தாண்டு ஓய்வுக்குப் பின் திரும்பியவர், முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஆர்ச்சி மூரின் பாணியில் கைகளைக் குறுக்காக மடித்துக் காத்து, அவசரப்படாமல் ஜாப்பை நம்பி ஆடினார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் பொறுத்திருந்து, பத்தாம் சுற்றில் மைக்கேல் மூரரை வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டார். அன்று அவருடைய மூலையில், அதாவது களத்தோரம் துணை நிற்கும் அணியில், நின்றவர்களில் ஒருவர், கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அதே பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ.