மேக்கில் புது மேக்ஓஎஸ்ஸுக்கு மாறும் முன் டைம் மெஷின் பேக்கப் போதுமா, பூட் ஆகும் பேக்கப்பும் தேவையா?

ஃபைல்கள் பத்திரமாக இருந்தால் சரி என்பவருக்கு மேக்கோடு வரும் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினே போதும். அப்கிரேட் சொதப்பினாலும் மறுநாள் காலை வேலையை முடித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் போதாது, நேராக அதிலிருந்தே மேக்கை இயக்கக்கூடிய, பூட் ஆகும் பேக்கப்பும் வேண்டும். டைம் மெஷின் டிஸ்க்கைச் செருகியவுடன் உங்கள் பழைய டெஸ்க்டாப் வந்து நிற்காது. முதலில் மேக்ஓஎஸ்ஸை நிறுவி, பிறகு மைக்ரேஷன் அசிஸ்டென்ட் என்ற மேக்கின் சொந்த மென்பொருளில் எல்லாவற்றையும் இழுத்துவர வேண்டும்.

முன்பெல்லாம் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். 2019இல் காட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்தபோது, மேக்ஓஎஸ் இருக்கும் பகுதியான சிஸ்டம் வால்யூமைத் தனியாகப் பிரித்தார்கள். 2020இல் அடுத்த பதிப்பான பிக் சர் அதற்கு டிஜிட்டல் சீலே வைத்துவிட்டது. அதை ஃபைல் ஃபைலாக நகலெடுத்துப் பூட் செய்யும் கதை அத்தோடு முடிந்தது.

அதனால் நான் குளோன் பக்கமே போவதில்லை. ஒரு வெளி எஸ்எஸ்டியில், இப்போது ஓடும் அதே பதிப்பைப் புதிதாக நிறுவி, டைம் மெஷினிலிருந்து என் கணக்கை அதில் இறக்கிக்கொள்கிறேன். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரை பதிப்பு ஒத்துப்போகட்டும். எஸ்எஸ்டியில் நிறுவியது பேக்கப்பில் உள்ளதை விடப் பழையதாக இருந்தால் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் முரண்டுபிடிக்கும். (சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். பூட் ஆகும், ஆனால் பொறுமை போய்விடும்.) நிறுவும் முன், டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, அந்த வெளி எஸ்எஸ்டிக்கு மேலே தெரியும் முழு டிரைவையும் ஃபார்மட்டுக்கு ஏபிஎஃப்எஸ், ஸ்கீமுக்கு ஜியூஐடி என்று தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பெயரையே இதற்கும் வைக்காதீர்கள், எதில் பூட் ஆனோம் என்றே தெரியாமல் போகும்.

அடுத்து, அதில் பூட் செய்து பார்த்தே ஆகவேண்டும். இன்டெல் சிப் உள்ள மேக் என்றால் ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீ, ஆப்பிளின் எம் வரிசைச் சிப் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள இன்டெல் மேக்கில் வெளி டிஸ்க்குக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் வந்ததும் திருப்திப்பட்டுவிடாமல், உங்களுக்குச் சோறு போடும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். சிலது லைசென்ஸை மறுபடி கேட்கும். ஐகிளவுட் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அங்கே அழித்த போட்டோ இங்கேயும் போய்விடும்.

எம் வரிசை மேக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளி டிஸ்க்கிலிருந்து பூட் ஆவதற்கும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி உயிரோடு இருக்க வேண்டும். அது செத்தால் இந்த ஏற்பாடும் உதவாது, டைம் மெஷினும் இன்னொரு மேக்கும்தான் கதி. ஆகவே டைம் மெஷின், பூட் ஆகும் எஸ்எஸ்டி இரண்டையும் வைத்திருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு அப்கிரேடை ஆரம்பியுங்கள். செருகியபடியே விட்டால் எங்கே நிறுவுவது என்ற பட்டியலில் அதுவும் வந்து நிற்கும்.